முதல் ரன்னிங் ஷூ: கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓட ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு முதலில் வருகிற கேள்வி, எந்த ஷூ வாங்குவது என்பதுதான். ஓடுபவர்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது கேட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் பத்து மாடல் பெயர்கள் வந்து விழும். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவரவர் காலுக்கு ஒத்துப்போன ஷூவைத்தான் அவரவர் சொல்கிறார்கள். உங்கள் பாதம் எவ்வளவு அகலம், எந்த விரல் நீளம், குதிகால் எவ்வளவு ஒடுக்கம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

அதனால் இங்கே ‘இதை வாங்குங்கள்’ என்று எந்த மாடலையும் சொல்லவில்லை. உங்கள் காலுக்கு எது சரி என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். போட்டுக்கொண்டு நாலு எட்டு ஓடிப் பார்க்கும்போது எந்த ஷூ காலுக்குச் சுகமாக இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கான ஷூ. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுகத்தைச் சரியாகச் சோதிக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

ஷூவே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். இரண்டு முறையும் அது அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த நேரம். ஓட்டம் அவருடைய காலிலும் நுரையீரலிலும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு ஓடி உரமேறிய கால் வேறு, பகலெல்லாம் மேசைக்கு அடியில் இருக்கிற நம் கால் வேறு. போதாததற்கு நம் தெருக்களில் ஜல்லியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார் ரோடு சுடும். ஆகவே ஷூ வேண்டும். அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இவ்வளவுதான்: பாதத்தைக் காக்க வேண்டும், தரையில் விழுகிற அடியைக் கொஞ்சம் தாங்க வேண்டும், வழுக்காமல் இருக்க வேண்டும், தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா? முதல் ஒரு வாரம் நடையும் ஓட்டமுமாகக் கலந்து பார்ப்பதற்குப் போதும். அதற்கு மேல் வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் முறை. பேட்மின்டன் ஷூ பக்கவாட்டில் பாய்ந்து நிற்பதற்காகச் செய்தது. கேன்வாஸ் ஷூவில் தாங்குகிற பொருளே கிடையாது. ரன்னிங் ஷூ, முன்னோக்கி மட்டுமே திரும்பத் திரும்ப விழுகிற அந்த அடிக்காகச் செய்தது.

ஷூவுக்குள் என்ன இருக்கிறது

ஒரு ரன்னிங் ஷூவைக் கையில் எடுத்தால் மூன்று பகுதிகள் தெரியும். பாதத்தை மூடுகிற வலைத்துணி, தரையைத் தொடுகிற ரப்பர், இரண்டுக்கும் நடுவே தடிமனான நுரை. அந்த நுரைக்குப் பெயர் மிட்சோல். நிறுவனங்கள் போட்டி போடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மிட்சோலில்தான். 1970களின் நடுவில் ஈவிஏ என்ற நுரை ரன்னிங் ஷூக்களுக்குள் வந்தது. இன்றும் தொடக்க விலை, நடுத்தர விலை ஷூக்களில் இருப்பது பெரும்பாலும் அதுவோ அதன் மேம்பட்ட வடிவமோதான். 2013-இல் அடிடாஸ், டிபியு என்ற பிளாஸ்டிக் மணிகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்த பூஸ்ட் என்ற நுரையைக் கொண்டுவந்தது. 2017-இல் நைக்கி, பீபா என்கிற இன்னும் எடை குறைந்த, இன்னும் துள்ளலான நுரைக்குள் கார்பன் தகடு வைத்த ஷூவை விற்பனைக்கு விட்டது. 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தது இந்த வகை ஷூவில்தான். 2020-இல் உலகத் தடகள அமைப்பு தலையிட்டு, சாலைப் பந்தயங்களில் ஷூவின் அடித் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி போட்டது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், புதிதாக ஓடுபவர்களிடமும் இப்போது தகடு வைத்த ஷூக்கள் பெருமையாகப் பேசப்படுகின்றன. அவை வேகமாக ஓடுபவர்களுக்காகப் பிறந்தவை. மெதுவாக ஓடும்போது பல பேருக்கு அவை ஆட்டம் காணுவது போல் இருக்கும். விலை அதிகம், தேய்மானமும் சீக்கிரம். முதல் ஆண்டில் அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

‘டிராப்’ என்ற சொல்லையும் கடையில் கேட்பீர்கள். குதிகாலுக்கு அடியில் இருக்கும் தடிமனுக்கும் விரல்களுக்கு அடியில் இருக்கும் தடிமனுக்கும் உள்ள வித்தியாசம் அது. பெரும்பாலான ஷூக்களில் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். நாலு, பூஜ்யம் என்றும் உண்டு. டிராப் குறையக் குறையக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணுக்கும் வேலை கூடும். டிராப் கூடினால் முழங்கால் பக்கம் கொஞ்சம் சுமை நகரும். இதுவரை ஓடிப் பழகாதவர்கள் 8 முதல் 10 வரை இருக்கிற ஷூவில் தொடங்கினால் நல்லது. பூஜ்ய டிராப் ஷூவில் நேரடியாக இறங்கினால் கெண்டைக்கால் ஒரு வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

சைஸ்: நீளம் மட்டும் இல்லை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஷூவால் வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி, அதாவது கொப்புளம், கறுத்துப்போன நகம், மரத்துப்போகிற விரல்கள் எல்லாம், நுரையின் ரகத்தால் வருவதில்லை. அளவு சரியில்லாததால் வருகின்றன.

நம் கடைகளில் புழங்குவது யுகே சைஸ். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் வித்தியாசம் சுமார் எட்டரை மில்லிமீட்டர். அரை சைஸ் என்றால் நாலு மில்லிமீட்டர் சொச்சம். ‘நான் எட்டு சைஸ்’ என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. ஒரு நிறுவனத்தின் எட்டும் இன்னொன்றின் எட்டும் ஒன்றாக இருக்காது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களே வேறுபடும். ஆபீஸுக்குப் போடுகிற ஷூவின் சைஸை ரன்னிங் ஷூவுக்கு அப்படியே எடுத்தால் பெரும்பாலும் சின்னதாகிவிடும்.

வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது, பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். குதிகால் சுவரில் முட்டுகிற மாதிரி தாளின் மேல் நில்லுங்கள். உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் பாதம் சுருங்கியே இருக்கும். வேறு யாரையாவது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, நீளமான விரலின் நுனியில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நீளமான விரல் என்றால் எல்லோருக்கும் பெருவிரல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை வைத்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது.

ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளில் யுகே, யுஎஸ், ஐரோப்பிய எண்களோடு சென்டிமீட்டர் கணக்கில் ஓர் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். நான் யாருக்குச் சொன்னாலும் அந்த எண்ணைத்தான் பார்க்கச் சொல்வேன். உங்கள் பாத அளவைவிட அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கிற எண்ணிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.

அடுத்தது அகலம். இதை நம்மிடம் பலர் கவனிப்பதே இல்லை. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று அதில் தெரியவந்தது. இந்தியக் கால்களுக்கென்றே ‘பா’ என்ற பெயரில் தனி அளவு முறை ஒன்று முன்மொழியப்பட்டதும் இந்த ஆய்வின் அடிப்படையில்தான். பாரதம் என்பதன் முதலெழுத்து அது. யுகே, யுஎஸ் அளவுகளில் வருகிற ஒடுக்கமான ஷூவுக்குள் நம் கால் இடிக்கிறது. இடிக்கிறதே என்று நாம் ஒரு சைஸ் பெரியதாக எடுக்கிறோம். அகலம் ஓரளவு சரியாகிறது, நீளம் கூடிவிடுகிறது, குதிகால் உள்ளே வழுக்குகிறது, கொப்புளம் வருகிறது.

இதற்கு வழி, அதே நீளத்தில் அகலமான ரகம் இருக்கிறதா என்று கேட்பது. ஆண்களுக்கான ஷூவில் சாதாரண அகலத்தை டி என்றும், அகலமானதை 2ஈ என்றும், அதைவிட அகலமானதை 4ஈ என்றும் குறிப்பார்கள். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். ஆசிக்ஸ், நியூ பேலன்ஸ், ப்ரூக்ஸ் போன்றவை சில மாடல்களை அகலமாகவும் தயாரிக்கின்றன. எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், கேட்டால்தான் வரவழைப்பார்கள். பாதம் மிகவும் அகலமாக இருக்கிற பெண்கள், ஆண்களுக்கான மாடலைத் தங்கள் நீளத்துக்குப் போட்டுப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. நிறத்தை வைத்து யாரும் ஓடுவதில்லை.

கடையில் செய்ய வேண்டியது

ஓடும்போது போடப்போகிற சாக்ஸையே கொண்டுபோங்கள். கடையில் தருகிற மெல்லிய சாக்ஸ் அளவைக் கெடுக்கும். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், ஈரத்தோலில் உராய்வு கூடும். பாலியஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் சீக்கிரம் காயும். ஓடுபவர்களுக்கு நான் சொல்லும் மலிவான, உடனே பலன் தெரிகிற மாற்றம் இதுதான்.

ஷூவைப் போடுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். உள்ளே இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, மெல்ல வெளியே எடுத்துத் தரையில் போடுங்கள். குதிகாலை அதன் பின்விளிம்போடு பொருத்தி அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரல் மூட்டோ ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால், அந்த ஷூ உங்கள் காலுக்கு ஒடுக்கம். போட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. மேல்துணி நீண்டுகொடுக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் அதை நம்ப வேண்டாம். ரன்னிங் ஷூ முதல் நாளே சுகமாக இருக்க வேண்டும். தோல் ஷூ மாதிரி பழகிச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்சோல் சரியாக இருந்தால் திரும்ப உள்ளே வைத்து, இரண்டு காலிலும் போட்டு, லேஸைக் கட்டி எழுந்து நில்லுங்கள். நீளமான விரலின் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். நிற்கும்போது பார்க்க வேண்டும், வேறொருவர் அழுத்திப் பார்த்தால் இன்னும் நல்லது. நீங்களே குனிந்தால் எடை நகர்ந்து பாதத்தின் நிலை மாறிவிடும். விரல்களை உள்ளே பியானோ வாசிப்பது போல அசைத்துப் பாருங்கள், ஐந்தும் தனித்தனியாக அசைய வேண்டும். அப்புறம் பின்பக்கம். நாலு எட்டு நடங்கள். குதிகால் மேலே எழும்பி இறங்கினால் அது சரியில்லை.

ஆனால் குதிகால் லேசாகத்தான் எழும்புகிறது, மற்றதெல்லாம் அருமையாகப் பொருந்துகிறது என்றால், ஷூவை ஒதுக்குவதற்கு முன் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். பெரும்பாலான ரன்னிங் ஷூக்களில் கணுக்காலை ஒட்டி, கடைசித் துளைக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு துளை இருக்கும். பல பேர் அதைத் தொட்டதே இல்லை. வலது லேஸின் நுனியை வலது பக்கத்தின் அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுவதும் இழுத்துவிடாமல் வெளியே ஒரு சின்ன வளையம் நிற்கட்டும். இடது பக்கமும் அப்படியே. இப்போது வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்து, வழக்கம்போல் முடிச்சுப் போடுங்கள். கணுக்காலைச் சுற்றி ஒரு பிடிப்பு வரும், பாதத்தின் மேல்பக்கம் இறுகாது. இறக்கத்தில் ஓடும்போது பாதம் முன்னால் வழுக்கி நகம் இடிபடுவதையும் இது பெருமளவு தடுக்கும்.

கடைசியில் ஓடிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். கடையில் டிரெட்மில் இருந்தால் அதில், இல்லையென்றால் கடை வாசலில் அனுமதி கேட்டு நாலு முறை போய் வாருங்கள். நின்றபடி அழுத்திப் பார்க்கும்போது மெத்மெத்தென்று இருக்கும் ஷூ, ஓடும்போது சொதசொதவென்று ஆடலாம். இரண்டு மூன்று மாடல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். இடது காலில் ஒன்று, வலது காலில் மற்றொன்று என்று போட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. எந்த ஷூவைப் போட்டதும் அதை மறந்துவிடுகிறீர்களோ, அதை எடுங்கள்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். ஷூ இடிப்பதே தெரியாது, கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியவரும். இவர்கள் சுகத்தை வைத்து முடிவு செய்வது ஆபத்து. மருத்துவரிடம் ஒருமுறை பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் ஓட்டத்துக்கும் ஷூவுக்கும் வர வேண்டும். ஓடி முடித்த ஒவ்வொரு முறையும் பாதத்தைக் கண்ணால் பார்த்துவிடவும் வேண்டும்.

தட்டைப் பாதம் என்றால் தனி ஷூவா?

கடைக்காரரோ நண்பரோ உங்கள் காலைப் பார்த்து ‘உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட், நீங்கள் ஸ்டெபிலிட்டி ஷூதான் போட வேண்டும்’ என்று சொல்லக்கூடும். ஈரக்காலைத் தரையில் வைத்துத் தடத்தைப் பார்க்கும் சோதனையையும் சொல்வார்கள். தடத்தில் நடுப்பகுதி நிறைந்திருந்தால் தட்டை, ஒல்லியாக இருந்தால் வளைவு அதிகம், இடைப்பட்டதாக இருந்தால் சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை ஷூ. பார்க்க ரொம்ப விஞ்ஞானமாக இருக்கும்.

அடி வைத்ததும் பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்வது இயற்கை. அதிர்ச்சியை உடல் வாங்கிக்கொள்கிற வழி அது. தட்டைப் பாதக்காரர்களுக்கு இந்தச் சாய்வு அதிகமாக இருக்கும், அதனால் காயம் வரும், அதை ஸ்டெபிலிட்டி ஷூ, அதாவது சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூ, தடுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோட்பாடு. இதை அமெரிக்க ராணுவம் பெரிய அளவில் சோதித்தது. தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி முகாம்களில் வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மறு பாதிக்கு வளைவைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை. 2009, 2010-இல் வெளியான முடிவுகளின்படி, பார்த்துக் கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை. 2014-இல் டென்மார்க்கில் புதிதாக ஓட வந்த 927 பேருக்கு எந்தத் திருத்தமும் இல்லாத சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உள்ளே சாய்கிறவர்களுக்குக் கூடுதலாகக் காயம் வரவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2016-இல் லக்சம்பர்க்கில் 372 பேரை வைத்து நடந்த ஆய்வில், சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது, குறிப்பாகப் பாதம் அதிகம் சாய்கிறவர்களுக்கு. ஆகவே ஸ்டெபிலிட்டி ஷூ வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் காலைப் பார்த்த மாத்திரத்தில் ஷூவை எழுதிக்கொடுக்கிற அளவுக்கு இந்த விஷயம் தெளிவாகவில்லை. தட்டைப் பாதத்தை ஒரு குறையாக நினைத்துப் பயப்படவும் வேண்டாம். கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவர்கள் 1992-இல் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு வளர்ந்தவர்களைவிடக் காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளிடம்தான் தட்டைப் பாதம் அதிகம் இருந்தது. மூடிய ஷூ போட்டவர்களிடம் இன்னும் அதிகம்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இதை ஆராய்ந்த பென்னோ நிக்கும் அவரது குழுவினரும் 2015-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொருவரின் உடலுக்கும் தனக்கென்று ஓர் அசைவுப் பாதை இருக்கிறது, அதைத் தொந்தரவு செய்யாத ஷூதான் சுகமாகத் தெரிகிறது, அப்படிச் சுகமானதைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்க உதவலாம் என்பது அதன் சாரம். இன்னும் முடிந்த முடிவாகிவிடவில்லை. இருந்தாலும் கையில் இருக்கிற வழிகளில் இதுதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. முதலில் சாதாரண, ‘நியூட்ரல்’ எனப்படும் ஷூவைப் போட்டுப் பாருங்கள். அடுத்து ஒரு ஸ்டெபிலிட்டி ஷூ. எதில் கால் நிம்மதியாக இருக்கிறதோ அதை எடுங்கள். ஏற்கெனவே முழங்காலிலோ குதிகாலிலோ வலி இருக்கிறவர்கள் மட்டும் கடைக்காரரை விட்டுவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

குஷன் பற்றியும் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. எடை அதிகம் உள்ளவர்களுக்குத்தான் மெத்மெத்தான ஷூ வேண்டும் என்பார்கள். லக்சம்பர்க் ஆய்வாளர்களே 2020-இல், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கிற கெட்டியான ஷூவையும் மெத்தென்ற ஷூவையும் 848 பேருக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மெத்தென்ற ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைவு. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம்தான். ஆக, ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு எதற்குக் குஷன் என்று நினைக்க வேண்டாம்.

எங்கே ஓடுகிறீர்கள், எவ்வளவு செலவழிக்கலாம்

மெரினா சர்வீஸ் ரோட்டிலோ கோவை ரேஸ் கோர்ஸிலோ ஊர்த் தார் ரோட்டிலோ ஓடுகிறவர்களுக்கு ரோடு ஷூ போதும். பட்டன் பட்டனாகப் பற்கள் வைத்த டிரெயில் ஷூ, மலைப்பாதையிலும் சேற்றிலும் ஓடுகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் நடைபாதையின் சிமென்ட் டைல்ஸ் மோசமாக வழுக்கும், அதனால் அடிப்பகுதியில் நுரை மட்டுமே தெரிகிற ஷூவைத் தவிர்த்து, குதிகாலிலும் முன்பாதத்திலும் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேல்துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளைகள் தெரிய வேண்டும். நம் வெயிலுக்குக் காற்றோட்டம் முக்கியம். குளிர்நாட்டுக்கான, தண்ணீர் புகாத ரகங்கள் நமக்கு வேண்டியதில்லை. உள்ளே போன வியர்வை வெளியே வராது.

விலை கூடினால் கால் பாதுகாப்பு கூடும் என்று சொல்ல முடியாது. தொடங்குபவர்களுக்குப் போதுமான ஷூ மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. நல்ல நிறுவனத்தின் நடுத்தர மாடல் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால், போன ஆண்டின் பதிப்பைத் தேடுங்கள். பிரபல மாடல்கள் எல்லாம் எண் போட்டு வருகின்றன. 1983-இல் வந்த நைக்கி பெகாஸஸ் நாற்பதைத் தாண்டிவிட்டது. புதிய எண் வந்ததும் பழைய எண்ணுக்குத் தள்ளுபடி விழும். பல நேரம் வித்தியாசம் மேல்துணியிலும் நிறத்திலும்தான். ஆனால் தள்ளுபடியில் வாங்கும்போது பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். மூன்று நான்கு ஆண்டு பழையது என்றால் வேண்டாம். சில ஷூக்களின் பாலியூரித்தேன் அடிப்பகுதி நம் ஊர் ஈரக்காற்றில் பெட்டிக்குள்ளேயே கெட்டு, போட்டு நடந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

‘இந்தியாவில் தயாரித்தது’ என்று லேபிளில் பார்த்ததும் தரம் குறைவு என்று ஒதுக்கவும் வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்காக ஷூ தயாரிக்கிற பெரிய ஆலைகளே இருக்கின்றன. விலகி நிற்க வேண்டியது ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று விற்கிற போலிகளிடம்தான். அவற்றில் மேல்துணியையும் சின்னத்தையும் அச்சாகப் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மிட்சோலில் என்ன நுரை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்துக்கு, பெயர் பெரிதாக இல்லாத நிறுவனத்தின் உண்மையான ரன்னிங் ஷூவே வாங்கலாம்.

ஆன்லைனில் வாங்குவது, ஏற்கெனவே போட்டுப் பழகிய மாடலுக்குச் சரி. முதல் ஷூவை அப்படி வாங்கத்தான் வேண்டும் என்றால், திருப்பி அனுப்ப வசதி உள்ள இடத்தில் வாங்கி, வீட்டுக்குள் சுத்தமான தரையில் மட்டும் சாயங்காலம் போட்டு நடந்து பாருங்கள். ஒருமுறை ரோட்டில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

வாங்கிய பிறகு

புது ஷூவோடு முதல் ஓட்டமே நீண்ட ஓட்டமாக வேண்டாம். இரண்டு மூன்று முறை குறைந்த தூரம் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் உரசுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். எவ்வளவு நல்ல ஷூவாக இருந்தாலும், முதல் மாதத்திலேயே தினமும் ஐந்து கிலோமீட்டர் என்று கிளம்பினால் முன்னங்கால் எலும்போ முழங்காலோ வலிக்கத்தான் செய்யும். அதற்கு ஷூவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தூரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரம் 20 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஆறு முதல் ஒன்பது மாதம். அடி ரப்பர் தேயாமல் இருக்கும்போதே மிட்சோல் தளர்ந்துபோவது உண்டு. பக்கவாட்டில் நுரையில் நெருக்கமாகச் சுருக்கங்கள் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் முன்போல் எதிர்த்து வராமல் இருந்தால் அதன் காலம் முடிந்தது. மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலும் அப்படித்தான். வாங்கிய தேதியை நாக்கின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்தால் கணக்குப் பார்க்க எளிது.

வாஷிங் மெஷினில் போடாதீர்கள், மொட்டை மாடி வெயிலில் காயவைக்காதீர்கள், பகலில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். சூடு ஒட்டுப்பசையையும் நுரையையும் கெடுக்கும். மழையில் நனைந்தால் இன்சோலைத் தனியே எடுத்துவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள்.

ஓட்டம் பழக்கமாகிவிட்ட பிறகு, வசதிப்பட்டால் இரண்டாவது ஜோடி ஒன்று வேறு மாடலில் வாங்கி, மாற்றி மாற்றிப் போடலாம். 2015-இல் லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு ஜோடி காய்வதற்குள் இன்னொன்று தயாராக இருக்கும் என்பது மழைக்காலத்தில் கூடுதல் வசதி. முதல் ஜோடியின் ஆயுள் முடியும்வரை காத்திருக்காமல், அது பாதி தேய்ந்திருக்கும்போதே இரண்டாவதை வாங்கிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஷூவையும் எடுத்துக்கொண்டு போனால், லேபிளில் இருக்கிற சென்டிமீட்டர் எண்ணைக் காட்டி, எங்கே இடித்தது, எங்கே சுகமாக இருந்தது என்று அதை வைத்தே பேசலாம்.